பைத்தானிலிருந்து ஃபோர்ட்ரான்: பிழை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தான் ஸ்கிரிப்ட் ஒரு நம்பை (NumPy, எண் கணக்குக்கான பைத்தான் நூலகம்) அணியை ஃபோர்ட்ரான் சப்ரூட்டீனுக்கு (துணைநிரலுக்கு) அனுப்புகிறது. ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக்கூடாத நினைவகத்தை நிரல் தொட்டுவிட்டது) என்று ஒரு வரி வருகிறது, எல்லாம் நின்றுவிடுகிறது. உடனே ஃபோர்ட்ரான் கணக்கை வரி வரியாகப் படிக்க உட்கார்ந்துவிடுகிறோம். முதல் தவறு அதுதான். தனியாக ஓட்டினால் சரியான விடை தரும் நிரல் பைத்தானிலிருந்து அழைக்கும்போது மட்டும் விழுகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது இரண்டு மொழிகளும் தரவைக் கைமாற்றிக்கொள்ளும் இடத்தை. அங்கே நடுவில் நிற்பது பெரும்பாலும் எஃப்2பை (f2py), ஃபோர்ட்ரான் நிரலைப் பைத்தானிலிருந்து அழைக்க வழிசெய்யும் கருவி.

இதை நான் இரண்டு நாள் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டேன். வெப்பப் பரவல் கணக்கு ஒன்று. மாறிகள் எல்லாம் ‘ரியல், கைண்ட்=டிபி’ என்று அறிவிக்கப்பட்டிருந்தன; டிபி என்பது 8 பைட் என்ற வரையறை வேறொரு கோப்பில் இருந்த மாட்யூலில் இருந்தது. எஃப்2பை அந்தக் கோப்பைப் பார்க்கவில்லை. டிபி என்றால் என்னவென்று தெரியாததால் அதை சி மொழியின் ஃப்ளோட், அதாவது 4 பைட், என்று எடுத்துக்கொண்டது. 1000 எண்கள் கொண்ட அணிக்கு 4000 பைட்டில் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தது. ஃபோர்ட்ரான் அதை 8000 பைட் என்று நம்பிப் படித்தது, எழுதியது. சில நேரம் குப்பை எண்கள் வந்தன, சில நேரம் சம்பந்தமே இல்லாத வேறொரு வரியில் போய் விழுந்தது. அணியின் அளவைத் தாண்டினால் பிடிக்கும் எல்லைச் சோதனையை இயக்கியும் பயனில்லை. ஃபோர்ட்ரானின் கணக்கில் அணிக்கு 1000 உறுப்புகள், நாமும் 1000-ஐத் தாண்டவில்லை. சோதனை எதைப் பிடிக்கும்?

எஃப்2பை இதை ஒளிக்கவும் இல்லை. கம்பைல் செய்யும்போது இன்ன வகையை ஃப்ளோட்டாக எடுத்துக்கொண்டேன் என்று ஒரு வரி அச்சிடுகிறது. ஓடுகிற நூறு வரிகளுக்கு நடுவே அதை நான் படிக்கவில்லை. பில்ட் வெளியீட்டைக் கோப்பில் சேமித்து ஒருமுறையாவது தேடிப் பாருங்கள். தீர்வு எளிது: எந்த ஃபோர்ட்ரான் வகைக்கு எந்த சி வகை என்று எஃப்2பைக்குச் சொல்லும் எஃப்2சிமேப் கோப்பில் டிபி என்பது டபுள் (8 பைட்) என்று சொல்லிவிடலாம், அல்லது பைத்தான் தொடும் சப்ரூட்டீன்களில் மட்டும் ‘டபுள் பிரிசிஷன்’ என்றே எழுதலாம்.

அடுத்தது, சத்தமே இல்லாமல் நடக்கும் நகலெடுப்பு. ஃபோர்ட்ரான் அணியை நெடுவரிசையாக அடுக்குகிறது; நம்பை, கேட்காவிட்டால், கிடைவரிசையாக அடுக்குகிறது. பழைய ஃபோர்ட்ரான் 77 நிரலில் இன்டென்ட் அறிவிப்பே (மாறி உள்ளே வருவதற்கா, விடையோடு வெளியே போவதற்கா என்று சொல்வது) இருக்காது. எஃப்2பை அதை இன்டென்ட்(இன்), அதாவது உள்ளீடு மட்டும், என்று கொள்ளும். அடுக்கோ வகையோ பொருந்தாவிட்டால் நகலை அனுப்பும், சப்ரூட்டீன் எழுதிய விடை நகலோடு போய்விடும். ஒற்றைப் பரிமாண அணியில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும், இரு பரிமாணத்தில் விடை மாறாமல் அப்படியே நிற்கும். கணக்கில்தான் பிழை என்று தோன்றும். விடை திரும்பி வர வேண்டிய அணிக்கு இன்டென்ட்டைத் தெளிவாக எழுதுங்கள். இன்அவுட் என்று எழுதினால் பொருந்தாத அணிக்குப் பிழைச்செய்தி வரும். ஊமையாய் நகலெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

முதல் அழைப்பில் சரியான விடை, இரண்டாவதில் தவறு என்றால் மாறியை அறிவிக்கும் வரியிலேயே மதிப்புக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சப்ரூட்டீனுக்குள் ‘இன்டிஜர் :: கூட்டு = 0’ என்று எழுதினால் ஃபோர்ட்ரான் அதை சேவ் பண்பு கொண்டதாகக் கருதும். ஒவ்வொரு அழைப்பிலும் 0 ஆகாது. பழைய மதிப்பிலிருந்தே தொடரும். தனி நிரலில் ஒரே ஒருமுறை அழைத்திருப்போம், அதனால் தெரிந்திருக்காது. பைத்தான் அமர்வு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அதே அமர்வு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். நிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்து ரீலோட் கொடுத்தாலும், ஏற்கெனவே ஏற்றப்பட்ட கம்பைல் செய்த மாட்யூல் புதிதாக ஏறாது. பழைய நிரலையே சோதித்துக்கொண்டு ‘திருத்தியும் போகலையே’ என்று புலம்புவோம். ஜூபிட்டர் நோட்புக் என்றால் கெர்னலை (பின்னால் ஓடும் பைத்தானை) மறுதொடக்கம் செய்யுங்கள். எந்தக் கோப்பு ஏறியிருக்கிறது என்று மாட்யூலின் ஃபைல் பண்பையும் அச்சிட்டுப் பாருங்கள்.

பிரிண்ட் போட்டுத் தேடுவதில் தப்பில்லை, ஆனால் கடைசியாக அச்சான வரிக்கு அடுத்த வரியில்தான் பிழை என்று முடிவு கட்டாதீர்கள். ஃபோர்ட்ரானின் வெளியீடு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கும். நிரல் விழும்போது அது வெளியே வராமலே போகலாம். ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் பின், பஃபரை உடனே வெளியே தள்ளும் ஃப்ளஷ் கொடுங்கள். ஸ்டாப் வாக்கியத்தைச் சோதனைக்கு வைத்தால் அது சப்ரூட்டீனோடு நிற்காது, பைத்தானையே மூடிவிடும்.

ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் எஃப்எஃப்பிஇ-டிராப் ஆப்ஷனைப் போட்டுவிட்டு, NaN (‘எண் அல்ல’) என்னும் மதிப்பு பிறக்கும் இடத்தில் நிரல் நிற்கும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அந்த அமைப்பை இயக்கும் அழைப்பு ஃபோர்ட்ரான் முதன்மை நிரலில்தான் சேர்க்கப்படுகிறது. இங்கே முதன்மை நிரல் பைத்தான், ஆகவே ஒன்றும் நடக்காது. அதே உள்ளீட்டைக் கோப்பில் எழுதி, சின்ன ஃபோர்ட்ரான் முதன்மை நிரல் ஒன்றிலிருந்து அழைத்துப் பாருங்கள். அங்கே நின்றால் கணக்கில் பிழை.

அப்புறம் ஜிடிபி (gdb), ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்கும் பிழைதேடும் கருவி. பைத்தானை அதற்குள் ஓட்டி, சப்ரூட்டீன் பெயரில் பிரேக்பாயிண்ட் (நிறுத்துமிடம்) வைத்தால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்லக்கூடும். ஜிஃபோர்ட்ரான் பெயரைச் சின்ன எழுத்தாக்கி, கடைசியில் ஓர் அடிக்கோடு சேர்க்கிறது. மாட்யூலுக்குள் இருந்தால் கடைசி அடிக்கோடு இல்லாமல், முன்னால் மாட்யூல் பெயர் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் (அதாவது கம்பைல் செய்த மாட்யூல்) இன்னும் ஏறாததாலும் அந்தச் செய்தி வரும். பின்னால் அது ஏறும்போது பிரேக்பாயிண்ட்டை வைக்கட்டுமா என்று ஜிடிபி கேட்டால் ஆம் என்று சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.