சைக்கிள் வேலை: எது நம் கையில், எது கடையில்

ஒரு வேலையை நாமே செய்வதா, கடையில் விடுவதா என்பதை அது எவ்வளவு கஷ்டம் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தப்பாகப் போனால் திருத்த முடியுமா என்று பாருங்கள். பஞ்சர் ஒட்டு பிய்ந்துவிட்டால் இன்னொன்று ஒட்டலாம். பெடலைக் கோணலாக ஏற்றி கிராங்க்கின் (பெடல் மாட்டும் தண்டு) மரையை அரித்துவிட்டால் கிராங்க்கையே மாற்ற வேண்டி வரும்.

பஞ்சர் நிச்சயம் நம் வேலைதான். டயரைக் கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டை தெரிந்ததும் டியூபின் வால்வை அந்தக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தால், முள் டயரில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் அடுத்த தெருவிலேயே காற்று இறங்கும். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஒட்டை விடக் கொஞ்சம் அகலமாக, மெல்லிசாக சொல்யூஷன் தடவி, சுமார் 5 நிமிடம் காய விடுங்கள். தொட்டால் விரலில் வராத பதம் வேண்டும். பெரும்பாலான ஒட்டுகள் பிய்வது ஈரத்திலேயே அமுக்கிவிடுவதால்தான்.

ஓட்டை இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். வெளிப்பக்கம் ஒரே துளை என்றால் முள்ளோ கண்ணாடியோ. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள், பள்ளத்தில் ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் (ரிம்மின் உள்ளே துளைகளை மூடும் பட்டை) விலகி, சக்கரக் கம்பியின் முனையோ ரிம்மின் துளையோ குத்துகிறது. டேப்பைச் சரிசெய்யாமல் எத்தனை ஒட்டு போட்டாலும் நிற்காது.

அடுத்தது செயின். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் சுழியத்தை வைத்து, அங்கிருந்து 24-வது பின்னைப் பாருங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 1/16 அங்குலம் தாண்டிவிட்டால் செயினை மாற்றும் நேரம். 1/8 அங்குலம் தாண்டும்வரை ஓட்டினால் பல்சக்கரமும் சேர்ந்தே தேய்ந்திருக்கும்; புதுச் செயின் அதில் நிற்காமல் நழுவும். எண்ணெயைச் செயின் முழுக்க ஊற்றாதீர்கள். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, கால் மணி நேரம் ஊற விட்டு, துணியால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வெளியே தங்கும் எண்ணெய் மண்ணைத்தான் சேர்க்கும்.

பெடல் மாற்ற பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் போதும். இடது பெடலின் மரை தலைகீழ். குழப்பம் வராமல் இருக்க ஒரு வழி: எந்தப் பக்கமானாலும், மேல்நோக்கி நிற்கும் ஸ்பேனரை சைக்கிளின் முன்பக்கமாகத் தள்ளினால் இறுகும், பின்பக்கமாகத் தள்ளினால் கழலும். மரையில் கிரீஸ் தடவி, முதல் மூன்று நான்கு சுற்றை விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு ஏறவில்லை என்றால் கோணலாகப் போகிறது. ஸ்பேனரை எடுக்காமல் கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

கியர் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், பின் கியர் அருகே கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக. இரண்டு மூன்று கால் சுற்றில் சரியாகாவிட்டால் கேபிள் துருப்பிடித்திருக்கலாம். சைக்கிள் வலப்பக்கம் விழுந்த பிறகு கியர் கெட்டது என்றால், கியர் தொங்கும் காது வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது எல்லைத் திருகுகள் (செயின் பல்சக்கரத்தைத் தாண்டிப் போகாமல் தடுப்பவை) இரண்டையும் தொடவே கூடாது. தொட்டால் செயின் கம்பிகளுக்குள் பாய்ந்து சக்கரத்தையே பூட்டிவிடும். காதை நிமிர்த்தத் தனிக் கருவி உண்டு, அது கடை வேலை.

கிராங்க் அச்சு, அமுக்கிப் பொருத்தும் ஹெட்செட் கிண்ணம் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் பேரிங் உட்காரும் பகுதி), திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று எடுப்பது ஆகியவையும் கடைக்கே. பிரேக்கில் ஊற்றுவது மினரல் ஆயிலா, டாட் (DOT) என்ற பிரேக் திரவமா என்று விடும்போதே சொல்லிவிடுங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளே சீல் கெட்டுவிடும்.

ரிம்மில் கோட்டம் எடுக்கக் கொடுக்கும்போது, 'கம்பி இறுக்கத்தையும் சமப்படுத்துங்கள்' என்று கேளுங்கள். ஒரு கம்பியை முறுக்கி இன்னொன்றைத் தளர்த்தினாலும் சக்கரம் நேராகச் சுற்றும், ஆனால் சில நாளில் மறுபடி கோணும், கம்பி ஒவ்வொன்றாக ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்) அருகே ஒடிய ஆரம்பிக்கும். சக்கரத்தைக் கடையில் திரும்ப வாங்கும்போது ஒரே பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்துங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் அங்கேயே காட்டுங்கள்.

கடையில் 'இதை மாற்றுங்கள்' என்று சொல்வதைவிட என்ன நடக்கிறது என்று சொல்வது நல்லது. சத்தம் பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் வருகிறதா, சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்குமா? மிதிப்பதை நிறுத்தினால் நிற்கிறதா? இந்த இரண்டு பதிலே மெக்கானிக்குப் பாதித் தேடலைக் குறைத்துவிடும். டயர் வாங்கும்போது '26 அங்குலம்' என்று மட்டும் சொன்னால் போதாது: 26×1.75 டயரின் ரிம் அளவு 559 மி.மீ., 26×1 3/8 டயரின் ரிம் அளவு 590 மி.மீ. ஒன்று மற்றதில் உட்காராது. டயர் ஓரத்தில் 47-559 போல அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேய்மானம் கண்ணுக்கே தெரியும்.

சைக்கிளை எடுக்கும்போது ஏறி ஓட்டுவதற்கு முன், இரண்டு பிரேக்கையும் முழு பலத்தோடு பிடியுங்கள். லீவர் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. பிரேக் கட்டை டயரில் உரசாமல் ரிம்மில் மட்டும் படுகிறதா என்று குனிந்து பாருங்கள். பிறகு முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்து, ஹேண்டிலுக்குக் கீழே விரலை வையுங்கள். அங்கே 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது, வாசலிலேயே இறுக்கித் தரச் சொல்லுங்கள்.