டார்கெட் கிரேடு: இங்கிலாந்துப் பள்ளி உங்கள் பிள்ளைக்குப் போடும் கணக்கு

இங்கிலாந்துக்கு வந்து பிள்ளையை செகண்டரி பள்ளியில் சேர்த்த சில மாதங்களில் வீட்டுக்கு ஒரு ரிப்போர்ட் வரும். கணிதம்: டார்கெட் 6, இப்போது 4. ஆங்கிலம்: டார்கெட் 5, இப்போது 3. நூற்றுக்கு எத்தனை என்று இருக்காது, ரேங்க்கும் இருக்காது. இரண்டு மூன்று வருடம் கழித்து எழுதப்போகும் ஜிசிஎஸ்இ தேர்வில் பிள்ளை எந்த கிரேடை எட்ட வேண்டும் என்று பள்ளி இப்போதே குறித்திருக்கும். "டீச்சரே சொல்லிட்டாங்க, நம்ம பிள்ளைக்கு இவ்வளவுதான்" என்று சில பெற்றோர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். புரியாமல் மடித்து வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். அந்த எண் எதிலிருந்து வந்தது என்று பள்ளியிடம் கேளுங்கள். புதிதாக வந்த பிள்ளை என்றால் கட்டாயம் கேளுங்கள்.

முதலில் அடிப்படை. ஜிசிஎஸ்இ என்பது பதினாறு வயதில், இயர் 11 முடிவில் எழுதும் தேர்வு. 9 என்பது உச்சம், 1 என்பது அடி. 4 எடுத்தால் பாஸ், 5 எடுத்தால் நல்ல பாஸ் என்று இங்கே சொல்வார்கள். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் 4 வராவிட்டால் பதினாறுக்குப் பிறகும் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படித்தாக வேண்டும்.

இங்கேயே வளர்ந்த பிள்ளைகள் இயர் 6-இல், அதாவது பதினொரு வயதில், சாட்ஸ் என்ற தேர்வு எழுதியிருப்பார்கள். அதன் மதிப்பெண் 80-லிருந்து 120 வரை போகும். 100 எடுத்தால் அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் தரம். பல பள்ளிகள் எஃப்எஃப்டி என்ற அமைப்பிடமிருந்து ஒரு மதிப்பீட்டை வாங்குகின்றன. முந்தைய ஆண்டுகளில் இதே சாட்ஸ் மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் ஜிசிஎஸ்இ-யில் என்ன வாங்கினார்கள் என்று நாடு முழுதும் உள்ள தரவை வைத்துப் பார்ப்பார்கள். ஆணா பெண்ணா என்பதும், பிறந்த மாதமும் கணக்கில் சேரும். செப்டம்பரில் பிறந்த பிள்ளையும் ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்தாலும் வயதில் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருப்பதால்தான் மாதம் பார்க்கிறார்கள்.

அதற்கு மேல் பள்ளி ஒரு முடிவு எடுக்கும். நாட்டின் சராசரிப் பள்ளியில் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுகிறார்களோ அதை இலக்காக வைக்கலாம். பிள்ளைகளை அதிகம் முன்னேற்றும் முதல் 20 சதவீதப் பள்ளிகளின் அளவையும் வைக்கலாம். ஒரே பிள்ளைக்கு ஒரு பள்ளி 5 என்றும் அடுத்த தெருப் பள்ளி 6 என்றும் போடுவது இதனால்தான். டார்கெட் 6 என்றால், இப்படித் தொடங்கிய பிள்ளைகளில் பலர் அதை ஒட்டி வந்தார்கள், சிலர் 4-இல் நின்றார்கள், சிலர் 8 வரை போனார்கள் என்று அர்த்தம். எந்த கிரேடுக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று காட்டும் பட்டியலே பள்ளியிடம் இருக்கும். பெற்றோர் ஆசிரியர்களைச் சந்திக்கும் பேரன்ட்ஸ் ஈவ்னிங்கில் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, கோவையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இயர் 8, இயர் 9-இல் வந்து சேரும் பிள்ளைக்கு சாட்ஸ் மதிப்பெண் கிடையாதே? அப்போது பல பள்ளிகள் கேட் 4 என்ற திறன் தேர்வை வைக்கின்றன. அதில் நான்கு பகுதிகள்: சொல், எண், வடிவம், இடவுணர்வு. நாட்டுச் சராசரி 100. இதிலிருந்தும் ஜிசிஎஸ்இ கிரேடை ஊகிக்க முடியும். புதிதாக வந்த பிள்ளை அடிபடும் இடம் இதுதான். சொல் பகுதி முழுக்க ஆங்கிலச் சொற்களின் உறவைக் கேட்பது. ஆங்கிலம் இன்னும் வாயில் பழகாத பிள்ளை அங்கே 84 எடுத்து, வடிவத்தில் 118-உம், எண்ணில் 112-உம், இடவுணர்வில் 110-உம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். நான்கின் சராசரி 106. அந்த 106-ஐ மட்டும் பார்த்தால் சுமாரான பிள்ளை. நான்கையும் தனித்தனியாகப் பார்த்தால், மொழி வந்துசேர்ந்ததும் மேலே போகக்கூடிய பிள்ளை என்று தெரியும். அதனால் சராசரியோடு விடாமல் நான்கு எண்களையும் வாங்கிப் பாருங்கள். சொல்லுக்கும் மற்றவற்றுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து டார்கெட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் வாங்கிய மதிப்பெண் சான்றிதழ்களையும் கணித நோட்டையும் முதல் சந்திப்பிலேயே எடுத்துப் போங்கள். கேட்காமல் யாரும் அவற்றைத் தேடி வரமாட்டார்கள்.

இந்த எண் வெறும் காகிதத்தில் இருந்தால் நான் இவ்வளவு வலியுறுத்த மாட்டேன். இதை வைத்துத்தான் பல இடங்களில் பிள்ளையை எந்த செட்டில், அதாவது எந்தத் திறன் பிரிவில், உட்கார வைப்பது என்று முடிவெடுக்கிறார்கள். கணித ஜிசிஎஸ்இ-யில் இரண்டு தட்டு உண்டு: எளிய தாளான ஃபவுண்டேஷன், கடினமான தாளான ஹையர். ஃபவுண்டேஷனில் என்னதான் முழு மதிப்பெண் எடுத்தாலும் 5-க்கு மேல் கிடைக்காது. ஹையரில் 9 வரை போகலாம். ஆனால் மிகக் குறைந்தால் கிரேடே கிடைக்காமல் போகும். அறிவியலிலும் இதே இரண்டு தட்டு. ஆங்கிலத்தில் கிடையாது. ஏ லெவலில், அதாவது ஜிசிஎஸ்இ-க்குப் பிறகு இயர் 12, 13-இல் படிக்கும் படிப்பில், கணிதம் எடுக்க, அதை நடத்தும் பல சிக்ஸ்த் ஃபார்ம்கள் 6 அல்லது 7 கேட்கும். ஃபவுண்டேஷன் எழுதுகிற பிள்ளைக்கு அந்தக் கதவு தேர்வுக்கு முன்பே மூடிவிடுகிறது. கோடைத் தேர்வுக்கான பெயர்களைப் பள்ளிகள் பிப்ரவரி வாக்கில் தேர்வு வாரியத்துக்கு அனுப்பும். நீங்கள் பேச வேண்டியதோ அதற்கு ஒரு வருடம் முன்பு, இயர் 10-இலேயே. ஹையர் பாடங்களையே நடத்தாத செட்டில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் தட்டை மாற்றிக் கேட்டும் பயனில்லை.

பேசப் போகும்போது கையில் ஆதாரம் இருக்கட்டும். ஏக்யூஏ, எட்எக்ஸெல், ஓசிஆர் ஆகிய வாரியங்களின் தளங்களில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கும். பள்ளி எந்த வாரியம் என்று கேட்டு, ஹையர் தாள் ஒன்றை வீட்டில் நேரம் வைத்து எழுத வையுங்கள். மதிப்பெண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். நூற்றுக்கு நூறு பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு 60 சதவீதம் தோல்வி மாதிரித் தெரியும். இங்கே ஹையர் கணிதத்தில் அது 6 அல்லது 7-ஆக இருக்கலாம். 25 சதவீதத்துக்குக் கீழே எடுத்தும் ஹையரில் 4 கிடைத்த ஆண்டுகள் உண்டு. எந்த மதிப்பெண்ணுக்கு எந்த கிரேடு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தத் தாளுக்கு உரிய எல்லைப் பட்டியலும் அதே தளத்தில் இருக்கும். அந்த எல்லைகளை முடிவுசெய்யும்போதும் மாணவர்களின் பழைய தேர்வுத் தரவைப் பார்க்கிறார்கள், ஆனால் நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான். உங்கள் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துபவருக்கு அவளுடைய டார்கெட் என்னவென்று தெரியாது.

ஏ லெவலுக்கு வந்தால் ஊகத்தின் எடை இன்னும் கூடுகிறது. பல்கலைக்கழகத்துக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிப்பது தேர்வு எழுதுவதற்கு முன்பே. மருத்துவம், பல் மருத்துவம், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் 15; மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஜனவரி. அப்போது பல்கலைக்கழகம் பார்ப்பது ஆசிரியர் தரும் பிரிடிக்டட் கிரேடு, அதாவது பிள்ளை இந்த கிரேடு எடுக்கும் என்ற ஊகம். இயர் 12 முடிவில் பள்ளியில் வைக்கும் தேர்வுதான் பெரும்பாலும் அதற்கு அடிப்படை. இந்தத் தகவல் தெரியாமல், "அது சும்மா ஸ்கூல் டெஸ்ட்தானே" என்று நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். ஊகங்கள் எவ்வளவு சரி என்று 2016-இல் ஓர் ஆய்வு பார்த்தது. சொன்ன கிரேடுகளுக்குச் சமமாகவே எடுத்தவர்கள் 16 சதவீதம்தான். 75 சதவீதம் பேருக்கு உண்மையில் வந்ததைவிட அதிகமாகச் சொல்லியிருந்தார்கள். நன்றாகப் படிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கோ, வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிடக் குறைத்துச் சொல்வது அதிகமாக இருந்தது.

ஊகமே முடிவாகிப்போன ஆண்டும் உண்டு. 2020-இல் கொரோனாவால் தேர்வுகள் ரத்தாயின. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிரேடும், வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற வரிசையும் தரும்படி ஆசிரியர்களைக் கேட்டார்கள். தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால், அந்தப் பள்ளி முந்தைய மூன்று ஆண்டுகளில் வாங்கிய முடிவுகளை எடுத்து, இந்த ஆண்டு மாணவர்களின் பழைய மதிப்பெண்ணுக்கு ஏற்பச் சற்றுத் திருத்தி, அந்த வரிசையில் பிள்ளைகளை நிரப்பியது. சில ஆண்டுகளாக ஏ லெவலின் உச்ச கிரேடான ஏ ஸ்டார் வராத பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஏ ஸ்டார் கிடைப்பது அரிதாகிப்போனது. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் தந்த கிரேடே நின்றது. அப்படிப்பட்ட வகுப்புகள் தனியார் பள்ளிகளில் அதிகம். ஆகஸ்ட் 13 அன்று ஏ லெவல் முடிவு வந்தபோது ஏறக்குறைய 39 சதவீத கிரேடுகள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைந்திருந்தன. பிள்ளைகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆகஸ்ட் 17 அன்று அந்தக் கணக்கைக் கைவிட்டு, ஆசிரியர் தந்த கிரேடு கூடுதலாக இருந்தால் அதுவே செல்லும் என்று அறிவித்தார்கள்.

அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு ரத்தானதை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம். பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறை, அக மதிப்பீட்டுக்கு 30 என்று கூட்டிப் போட்டார்கள். அதிலும் குறைகள் உண்டு. ஆனாலும் அங்கே கணக்கில் வந்தது அந்தப் பிள்ளை எடுத்த மதிப்பெண். இங்கே, முன்பு அதே பள்ளியில் படித்த யாரோ எடுத்த மதிப்பெண் ஒரு பிள்ளையின் தலையில் விழுந்தது. அது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வீடு பார்க்கும்போது பள்ளியின் பழைய ரிசல்ட்டை வைத்து லண்டனில் ஹாரோவா, ஈஸ்ட் ஹாமா, நியூ மால்டனா என்று கணக்குப் போடுபவர்களும் இதை யோசிக்க வேண்டும். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் பள்ளியில் ரிசல்ட் உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. பிள்ளைகள் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறினார்கள் என்பதைக் காட்டுவது புரோகிரஸ் 8 என்ற எண். சராசரி 0-ஐ ஒட்டி இருக்கும். 2020, 2021-இல் சாட்ஸ் நடக்காததால் 2025, 2026 ஜிசிஎஸ்இ மாணவர்களுக்கு அந்த எண் கிடையாது. பழைய ஆண்டுகளின் எண்ணைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, டிக்கெட் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று. ஏ லெவல் முடிவு ஆகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை வரும், ஜிசிஎஸ்இ அதற்கு அடுத்த வியாழன். நாம் ஊருக்குப் போகும் மாதமும் அதுதான். கிரேடு ஊகத்தைவிடக் குறைந்து, கேட்ட இடம் கை நழுவினால், கிளியரிங் என்ற வழியில் காலியிடம் தேட வேண்டும். அன்று காலையிலேயே பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளையே போன் போட்டுப் பேச வேண்டும், பெற்றோர் பேசினால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். இயர் 13 பிள்ளை உள்ள வீட்டில் அந்த வருடம் ஊர்ப் பயணத்தை ஜூலையிலேயே முடித்துவிட்டு, முடிவு வரும் வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள்.