ரொறன்ரோவிலிருந்து நயாகராவுக்கு: உறவுக்காக 200 கிலோமீற்றர் சைக்கிள் ஓட ஆயத்தம்

ரொறன்ரோவின் பிறின்செஸ் மார்கிறெற் புற்றுநோய் மையத்துக்கு நிதி சேர்க்க 2008இல் தொடங்கியது ‘ரைட் டு கொன்கர் கான்சர்’ (புற்றுநோயை வெல்ல ஒரு சைக்கிள் ஓட்டம்). ஜூன் மாதத்தில் இரண்டு நாள், 200 கிலோமீற்றருக்கு மேல், நயாகரா நீர்வீழ்ச்சி வரை. ஓடுகிறவர் ஒவ்வொருவரும் குறைந்தது 2,500 டொலர் திரட்ட வேண்டும். அப்பாவுக்காக, சித்திக்காக என்று பெயர் கொடுக்கிறவர்கள் தூரத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆறு மாதம் கையில் இருந்தால் தூரம் பழகிவிடும். ஆட்கள் தடுமாறுவது அந்த 2,500இல்.

காசு கேட்கத் தொடங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. யாருக்காக ஓடுகிறீர்களோ அவர் இன்னும் சிகிச்சையில் இருந்தால், பெயரையும் படத்தையும் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். எங்கள் வீடுகளில் இந்த வருத்தத்தை மூத்த அக்காவுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருப்பார்கள். நிதிப் பக்கத்தில் படம் ஏறியது அன்றிரவே ஊருக்குப் போய்ச் சேரும். அவர் வேண்டாம் என்றால் ‘என் குடும்பத்தில் ஒருவருக்காக’ என்று எழுதினாலே போதும்.

வட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டால் கைகூப்பிய படங்கள் வரும், காசு வராது. ஜனவரியிலேயே 100 பெயர்களை எழுதி வையுங்கள். பாதிப் பேர் தரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், மற்ற 50 பேர் 50 டொலர்ப்படி தந்தால் கணக்குச் சரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள், தொகையையும் சொல்லுங்கள்: “மாமா, சித்தியை நினைச்சு ஜூனில நயாகரா மட்டும் சைக்கிள் ஓடப்போறன். 50 டொலர் தருவீங்களா? இணைப்பு கீழ இருக்கு. பற்றுச்சீட்டு உங்கட பேரிலயே வரும்.” ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தொலைபேசியில் ஒருமுறை கேளுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

கோயிலிலோ பிறந்தநாள் வீட்டிலோ பத்துப் பேரிடம் காசாக வாங்கி உங்கள் கார்டில் மொத்தமாகப் போட்டால் வரிப் பற்றுச்சீட்டு உங்கள் பெயருக்கே வரும், தந்தவர்களுக்கு மனக்கசப்பு மிஞ்சும். அவர்களையே இணையத்தில் கட்டச் சொல்லுங்கள். வேலையிடத்திலும் விசாரியுங்கள், ஊழியர் திரட்டும் தொகைக்கு ஈடாகத் தாங்களும் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன.

சைக்கிளுக்காகப் பெரிய செலவு தேவையில்லை. 32 மில்லிமீற்றர் அகல ரயர் உள்ள ஹைபிரிட் (வீதிச் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்டது) போதும். மலைச் சைக்கிள்தான் இருக்கிறதென்றால் முள்ளு ரயரைக் கழற்றி, முள்ளில்லாத மழமழப்பான ரயர் போடுங்கள். இருக்கையின் உயரம் பார்க்க, பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும், கூடினால் இடுப்பு இருபக்கமும் ஆடும். ஒன்ராறியோவில் சைக்கிளில் மணி இருப்பது சட்டம்.

பயிற்சியை பெப்ரவரியில் வீட்டுக்குள் தொடங்கலாம், வாரம் மூன்று தடவை 45 நிமிடம். வீதியில் கொட்டிய உப்பு ஏப்ரல் மழையில் கழுவுப்பட்ட பிறகு வெளியே இறங்குங்கள்; அதற்குமுன் ஓடினால் செயின் துருப்பிடிக்கும். சனிக்கிழமைத் தூரம் 30 கிலோமீற்றரில் தொடங்கி, வாரத்துக்கு 5 முதல் 8 வரை ஏறட்டும். மே கடைசியில் ஒரு சனி 80, மறுநாள் ஞாயிறு 50 ஓடிப் பாருங்கள். இந்த இரட்டை நாளைத் தவறவிடாதீர்கள். நொந்த உடம்போடு மறுநாள் திரும்ப ஏறி இருப்பதுதான் உண்மையான சோதனை. ஸ்காபரோக்காரருக்கு ஏற்றம் பழக வாசலிலேயே இடமுண்டு: கிங்ஸ்ரன் வீதியிலிருந்து புளஃபர்ஸ் பார்க்குக்கு இறங்கும் பிறிம்லி வீதி. விடியற்காலையில் போங்கள், கோடை வார இறுதியில் பத்து மணிக்குப் பிறகு கார்கள் வரிசைகட்டும்.

பஞ்சர் வராது என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டு ரியூப், இரண்டு ரயர் நெம்பி, சிறிய பம்ப், 4, 5, 6 மில்லிமீற்றர் அலன் சாவி (அறுகோணச் சாவி), இவ்வளவும் இருக்கைக்குக் கீழ்ப் பையில் அடங்கும். பின்சில்லைக் கழற்றுமுன் செயினைப் பின்பக்கத்து ஆகச் சின்னப் பற்சில்லுக்கு மாற்றுங்கள். பழைய ரியூப்பை எடுத்ததும் ரயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் தடவுங்கள், துணி சிக்குகிற இடத்தில் கண்ணாடித்துண்டோ கம்பியோ இருக்கும். அதைப் பிடுங்காமல் புது ரியூப் போட்டால் அதுவும் போகும். புதியதில் கொஞ்சம் காற்றடித்து உருண்டையாக்கி உள்ளே வையுங்கள், முறுக்காது. ரியூப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளைத் தேடவேண்டாம், காற்றுக் குறைவாக ஓடிக் குழியில் விழுந்ததன் விளைவு அது.

பஞ்சு வைத்த காற்சட்டைக்குள் உள்ளாடை போடக்கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். ஓடத் தொடங்கி முதல் 30 நிமிடத்திலேயே சாப்பாட்டில் கைவைக்க வேண்டும். பசித்தபின் சாப்பிட்டால் கால் ஏற்கெனவே வெறுமையாகிவிட்டிருக்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து, அதாவது ஒரு வாழைப்பழமும் இரண்டு பெரிய பேரீச்சம்பழமும் போல. தண்ணீர் மணிக்கு அரை லீற்றர், வெயிலில் இன்னும் கொஞ்சம், உப்பும் சேரட்டும். முதல்நாள் இரவு இடியப்பமும் சொதியும் நல்லது. கொத்துரொட்டியை நயாகராவில் சாப்பிடலாம்.

வீதிகள் ஓட்டத்துக்காக முழுதாக மூடப்படுவதில்லை. சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும், நிற்குமுன் பின்னால் வருபவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். முன்னால் போகிறவரின் பின்சில்லுக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சில்லை விடாதீர்கள். அவர் கொஞ்சம் விலகினாலும் விழுவது நீங்கள்தான். ரொறன்ரோவின் ட்ராம் தண்டவாளத்தைச் செங்கோணத்தில் கடவுங்கள், சாய்வாகக் கடந்தால் சில்லு பள்ளத்தில் மாட்டும். முதல்நாள் மேற்குக் காற்று பெரும்பாலும் எதிரே வரும். காலையில் கூட்டத்தின் உற்சாகத்தில் வேகம்பிடித்தவர்கள் மத்தியானம் நிழலில் இருப்பார்கள். முடியாவிட்டால் ஏற்றிச்செல்ல வாகனம் உண்டு.

சில சைக்கிள்களில் மஞ்சள் கொடி பறக்கும். அவர்கள் இந்த நோயைத் தாங்களே கண்டவர்கள். உங்கள் உறவின் படத்தைக் கொண்டுபோவதென்றால் லமினேற் செய்து, நான்கு மூலையிலும் ஊசி குத்தி முதுகில் வையுங்கள். இரண்டு ஊசி மட்டும் குத்தினால் காற்றில் படபடத்து 20 கிலோமீற்றருக்குள் கிழிந்துவிடும். கைபிடியில் நூலில் தொங்கவிட்டால் முன்சில்லுக் கம்பிக்குள் போகும்.