கவனித்துச் சாப்பிடுவது எப்படி: வாயை விடுங்கள், கையைப் பாருங்கள்

கவனித்துச் சாப்பிடுவதைப் பற்றிய விளக்கங்களில் பெரும்பாலானவை ‘மெதுவாகச் சாப்பிடுங்கள், நன்றாக மெல்லுங்கள்’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. மூன்றாவது வாய் சாப்பிடுவதற்குள் மனம் எங்கோ போய்விடுகிறதே, அப்போது என்ன செய்வது? அதற்கு எனக்குப் பிடிபட்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லா வேளையும் இப்படிச் சாப்பிட வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு வேளை போதும். அதுவும் யாரும் அவசரப்படுத்தாத வேளையாக இருக்கட்டும்.

தேவையானவை

எதுவும் வாங்க வேண்டாம். இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. சாப்பிடும்போது திரையைப் பார்க்காதே என்பதைத் திரையில் வந்து சொல்லும் ஒரு பொருளில் எனக்கு நம்பிக்கையில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாலும் போதாது, அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். சிறிய தட்டும் கட்டாயமில்லை. தட்டு சிறிதானால் சாப்பாடும் குறையும் என்ற அறிவுரையைப் பெரிதும் பரப்பியவர், அப்போது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உணவுப் பழக்கங்களை ஆய்ந்துவந்த பிரையன் வான்சிங்க். அவருடைய ஆறு கட்டுரைகளை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்கள் 2018-இல் திரும்பப் பெற்றன. இருக்கிற தட்டிலேயே சாப்பிடுங்கள்.

படி 1: ஓர் உலர்திராட்சை

ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். ஒரே ஓர் உலர்திராட்சையை நிதானமாகச் சாப்பிடுவது அதில் பெயர்பெற்ற பாடம். சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்துக் கடிக்காமல் சற்று இருந்து, பிறகு கடிக்க வேண்டும்.

இதோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு கடியுங்கள். வெறும் இனிப்பும் லேசான புளிப்பும்தான் தெரியும். மெல்லும்போதே மூக்கை விடுங்கள். ‘திராட்சை’ அப்போதுதான் வந்து சேரும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி, தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். அள்ளிப் போட்டு விழுங்கினால் தவறிப்போவது அதுதான். ஒருமுறை செய்தால் போதும், தினமும் வேண்டாம்.

படி 2: பசியா என்று கேட்பது

உட்காருமுன் ஒரு கேள்வி: வயிறு கேட்கிறதா, வாய் கேட்கிறதா? எந்தப் பதில் வந்தாலும் சாப்பிடலாம். பதிலைத் தெரிந்துகொண்டு சாப்பிடுவதுதான் பயிற்சி. ‘மணியானதால் வரும் பசி பொய்ப்பசி’ என்பார்கள். கிரெலின் என்ற பசி ஹார்மோன் வழக்கமான சாப்பாட்டு நேரத்தை ஒட்டியே உயர்கிறது. ஆகவே அந்தப் பசியும் உடலின் பசிதான்.

படி 3: கை

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. அடுத்த வேளை உங்கள் கையை மட்டும் பாருங்கள். வாயில் இருப்பது பாதிகூட மெல்லப்பட்டிருக்காது. அதற்குள் அடுத்த வாய் கரண்டியில் ஏறி, தட்டுக்கும் உதட்டுக்கும் நடுவே காத்திருக்கும். கையால் சாப்பிடுகிறவர்களுக்கு விரல்கள் அடுத்த கவளத்தைத் திரட்டிக்கொண்டிருக்கும், கண்ணும் அதன் மேலேயே இருக்கும். வாயில் இருப்பதை யாருமே சாப்பிடவில்லை!

ஆகவே விதி ஒன்றே ஒன்று: விழுங்கி முடிக்கும்வரை கைக்கு ஓய்வு. கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். கையால் சாப்பிட்டால் விரல்களைத் தட்டின் விளிம்பில் சும்மா வைத்திருங்கள். கை சும்மா இருக்காது. ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளும், எதையாவது பிசையும். அதட்ட வேண்டாம். பார்த்தவுடன் விளிம்புக்குத் திருப்புங்கள்.

‘மனத்தைச் சாப்பாட்டில் வை’ என்றால் மனம் கேட்காது, அது போனதுகூட நமக்குத் தெரியாது. கை அப்படியல்ல, கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மனம் நகர்ந்ததும் கை பழைய வேகத்துக்குப் போய்விடும். கை ஓடுவதைப் பார்த்துவிட்டால் மனமும் திரும்பி வந்துவிடும்.

மெல்லுவதை எண்ணாதீர்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பதில் எனக்குச் சண்டையில்லை; எண்ணிக்கொண்டு தின்னச் சொல்லவில்லையே! எண்ணுகிறவருக்கு எண் தெரியும், ருசி தெரியாது. மாவுச்சத்துள்ள எதையாவது நிதானமாக மென்றால், உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி அதைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கும். வாயில் மெல்ல ஓர் இனிப்பு எழும். அதைத் தேடுங்கள், எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

படி 4: பாதியில் நிறுத்தம்

தட்டு பாதி காலியானதும் சற்று நிறுத்துங்கள். வயிறு விரிந்த செய்தி நரம்பு வழியாகவும், உணவு குடலைத் தொட்ட செய்தி ஹார்மோன்கள் வழியாகவும் மூளைக்குப் போகின்றன. நிறைவு முழுதாக உறைக்க ஏறக்குறைய இருபது நிமிடம் என்பது பொதுக்கணக்கு. அதற்குள் நாம் தட்டை வழித்துவிடுகிறோம்.

அதனால் வயிற்றை நம்பாமல் நாக்கைக் கேளுங்கள்: முதல் வாயின் ருசி இப்போதும் இருக்கிறதா? ஒரே உணவைத் தொடர்ந்து உண்ணும்போது அதன் மீதான விருப்பம் மட்டும் குறைகிறது, மற்றவற்றின் மீது அவ்வளவாகக் குறைவதில்லை. பார்பரா ரோல்ஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1980-களின் தொடக்கத்தில் இதை விளக்கினார்கள். வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு இடம் கிடைப்பது இதனால்தான். ருசி மங்கியிருந்தால் மீதியை எடுத்து வைக்கலாம், மங்காவிட்டால் தொடரலாம்.

பிறகு சேர்த்தது

வாசகர்கள் எழுதியதைப் பார்த்துச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பத்து நிமிட இடைவேளையில் சாப்பிடுகிறவர்கள் மூன்றாம் படியை முதல் ஐந்து வாய்க்கு மட்டும் செய்தால் போதும். பேசிக்கொண்டே சாப்பிடும் கூட்டத்தில் இதை முயலவே வேண்டாம், பேச்சை ரசியுங்கள்.

எடை குறையுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. கட்டுப்பாடின்றி அள்ளிச் சாப்பிடுவது, கவலையில் சாப்பிடுவது ஆகியவை குறைவதற்குத்தான் ஓரளவு ஆதாரம் இருக்கிறது.

இன்சுலின் போடுகிறவர்கள் பசியைச் சோதிக்கிறேன் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். உண்ணுதல் கோளாறு இருந்தவர்களுக்கு இப்படி உற்றுப் பார்ப்பதே பதற்றத்தைக் கூட்டக்கூடும். மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

‘கவனித்துச் சாப்பிட்டதிலிருந்து எனக்குப் பிடித்த பாக்கெட் தீனி பிடிக்காமல் போய்விட்டது’ என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். நடப்பதுதான். முதல் இரண்டு மூன்று துண்டுகளில் உப்பும் மணமும் தூக்கலாக இருக்கும். பிறகு பல்லில் ஒட்டும் மாவுதான். அங்கேயே பாக்கெட்டை மூடலாம், தெரிந்தே மீதியையும் தின்னலாம். இரண்டும் இந்த முறைக்கு உட்பட்டவைதான்.