பின்சக்கர டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றுதல்: சேற்றில் ஓடும் பழைய ஜீப்புக்கு

வெண்ணாறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் நிலம் இருக்கிறது. நடவுக் காலத்தில் விதை மூட்டையும் டீசல் பம்பும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஜீப் வாய்க்காலில் இறங்கி ஏறாத நாள் இல்லை. சக்கரத்தோடு சுற்றும் மூடிய டிரம்முக்குள் புகும் வண்டல் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கி, டிரம்மின் உட்புறத்தில் அழுந்திப் பிடிக்கும் ஷூவின் லைனிங்கை அரைக்கும். நனைந்த ஷூ காயும்வரை முதல் நான்கைந்து மிதிக்குப் பின்சக்கரம் பிடிக்காது. சென்ற சம்பா நடவின்போது ஆற்றங்கரை இறக்கத்தில் வண்டி நிற்காமல் மதகுச் சுவரில் மோதிய பிறகுதான் இந்த வேலையைச் செய்வதென்று முடிவெடுத்தேன். டிஸ்க் திறந்த இடத்தில் சுற்றுவதால் நீரும் சேறும் அதில் தங்குவதில்லை. அதை இருபுறமும் கவ்வும் பேட் ஒருமுறை உரசினாலே பெரும்பகுதி துடைக்கப்பட்டுவிடும்.

முன்சக்கரங்களில் ஏற்கெனவே டிஸ்க் உள்ள வண்டிக்காகவே இதை எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவதால், பொதுச்சாலையில் ஓட்டுபவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்கு முன்பாக, வாய்க்கால்கள் வறண்டு வண்டிக்கு ஓய்வு கிடைக்கும் சித்திரை வைகாசியில் இதை முடித்துக்கொள்வது நல்லது.

பொருள் வாங்கும்போது, துளையிட்ட டிஸ்க்கையும் நடுவில் காற்று இடைவெளி உள்ள டிஸ்க்கையும் தவிர்த்துவிடுங்கள். நம் களிமண் அந்த ஓட்டைகளில் அடைத்துக் காய்ந்தால் செங்கல்லைப் போல் இறுகிவிடும், சக்கரமும் ஆடத் தொடங்கும். வெற்றுத் தகடாக வரும் திட டிஸ்க்கே நமக்குப் போதும். சக்கரத்தைப் பூட்டும் ஸ்டட் ஐந்து உள்ள பழைய ஜீப்புகளில் ஸ்டட் வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர், டிஸ்க்கின் துளைகளும் அதே அளவில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பின்சக்கர டிரம்மில் இயங்கும் வண்டியாக இருந்தால், ஹேண்ட் பிரேக் நெம்புகோலுடன் வரும் காலிப்பரைத்தான் (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) வாங்க வேண்டும். கியர்பெட்டிக்குப் பின்னால் பின்சக்கரங்களைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டிகளுக்கு அந்தக் கவலை இல்லை.

சக்கரம் கழற்றுவதை விளக்கப்போவதில்லை. ஆனால் ஜாக்கியின் அடியில் கட்டாயம் பனஞ்சட்டம் போடுங்கள், ஏனெனில் காய்ந்தது போலத் தெரியும் நம் மண் எடை ஏறியதும் அமுங்கும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே அடியில் கை வைக்க வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாமல், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். பிரேக் பைப் நட்டுக்குச் சாதாரண ஸ்பானரைப் போட்டால் முனை மழுங்கிவிடும்; பைப் நுழையும் வெட்டுடன் கூடிய ரிங் ஸ்பானர் ஒன்றை இதற்காகவே வாங்குங்கள். நான் வாங்கிய கருவிகளில் இதைவிடப் பயன் தந்தது வேறில்லை.

ஷூ, அதைத் தள்ளும் வீல் சிலிண்டர், இரண்டையும் தாங்கும் பேக் பிளேட் ஆகியவற்றைக் கழற்றிய பிறகு, பேக் பிளேட் இருந்த அதே போல்ட் துளைகளில் காலிப்பர் பிராக்கெட் உட்காரும். பல பழைய ஆக்சில்களில் பேக் பிளேட்டுக்குப் பின்னால் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். பேரிங்கின் ஆட்டத்தை அளவோடு வைப்பவை அவைதான். அவற்றை வலது, இடது என்று குறித்துத் தனித்தனியாக வையுங்கள். பிராக்கெட்டின் கனம் பேக் பிளேட்டின் கனத்திலிருந்து மாறுபட்டால் ஷிம்மையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தைக் கம்பித்தூரிகையால் பளபளவென்று தேயுங்கள், ஏனெனில் அங்கே ஒட்டியிருக்கும் சிறு துருச்செதில்கூட டிஸ்க்கின் ஓரத்தில் பெரிய ஆட்டமாகத் தெரியும். சக்கரத்தை மாட்டுவதற்கு முன் காலிப்பரின் முதுகில் ஓர் உருண்டை களிமண்ணை ஒட்டி, சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். நசுங்கிய மண்ணின் கனமே ரிம்முக்கும் காலிப்பருக்கும் உள்ள இடைவெளி. அது 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

இனி என்னை ஒன்றரை நாள் அலைக்கழித்த இடம். எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஏர் எடுக்க, அதாவது பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற, தொடங்கினோம். அண்ணன் பெடலில், நான் அடியில். ‘மிதி’, ‘பிடி’, ‘விடு’ என்று மாலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தோம். அரை லிட்டர் பிரேக் ஆயில் குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கியது, கடைசியில் ஒரு குமிழிகூட வரவில்லை, ஆனாலும் பெடல் பஞ்சு போலவே இருந்தது. மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில்தான் கோளாறு என்று எண்ணி அதையும் கழற்றி மாட்டினேன். மறுநாள் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான், இரண்டு காலிப்பரிலும் காற்றை வெளியே விடும் பிளீடர் நிப்பிள் கீழ்ப்பக்கம் இருந்ததைக் கண்டேன். இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டியிருந்தேன். போல்ட் துளைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் எந்தத் தடையும் இல்லாமல் பொருந்திவிட்டன. காற்று மேலே தங்கும், ஆயில் கீழே வழியும். நிப்பிள் கீழே இருக்கும்வரை எத்தனை லிட்டர் ஊற்றினாலும் பிஸ்டனுக்கு மேல் நிற்கும் காற்று வெளியேறாது. காலிப்பர்களை இடம் மாற்றிய பிறகு பத்தே நிமிடத்தில் பெடல் கல் போல நின்றது. பூட்டுவதற்கு முன் நிப்பிள் வானத்தைப் பார்க்கிறதா என்று இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். பிராக்கெட்டின் அமைப்பால் அது முடியாதபோது, காலிப்பரைக் கழற்றி, பேட்களுக்கு நடுவே டிஸ்க்கின் கனத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்து, நிப்பிள் மேலே இருக்குமாறு கையில் பிடித்துக்கொண்டு ஏர் எடுக்கலாம்.

நம் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால், தொலைவில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்குங்கள். டாட் 4 தரப் பிரேக் ஆயிலையே நான் பரிந்துரைப்பேன்: புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, டாட் 3க்கு 205 டிகிரிதான். இரண்டுமே காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், திறந்து வைத்த பழைய டப்பாவைப் பயன்படுத்தாமல் சிறிய புது டப்பாவாக வாங்குங்கள்.

பெடல் உறுதியாக இருந்தாலும் ஆழமாக இறங்கினால் காரணம் வேறு. 22 மில்லிமீட்டர் வீல் சிலிண்டரின் இரண்டு பிஸ்டன்களின் பரப்பும் சேர்ந்து சுமார் 760 சதுர மில்லிமீட்டர். 48 மில்லிமீட்டர் காலிப்பர் பிஸ்டன் ஒன்றின் பரப்போ சுமார் 1,810. இவ்வளவு ஆயிலைத் தள்ளப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் தேவைப்படலாம். ஆனால் மாஸ்டர் பெரிதானால் அதே மிதிக்குக் கிடைக்கும் அழுத்தம் குறையும். தானாக இறுகும் ஷூவின் உதவியும் டிஸ்க்கில் கிடையாது. அதனால் மிதிக்கு வலுக்கூட்டும் வேக்குவம் பூஸ்டர் இல்லாத வண்டியில் கால் வலிக்கும். டீசல் எஞ்சினில் பூஸ்டருக்குத் தனி வேக்குவம் பம்ப் வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டத்தை ஆளில்லாத நேரான பாதையில் செய்யுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பத்துப் பன்னிரண்டு முறை குறைத்தால் பேட் டிஸ்க்கோடு படியும். பிறகு மெதுவான வேகத்தில் ஓங்கி மிதித்துப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு முன்பே பின்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால், ஈரத்தில் வண்டியின் பின்பகுதி சுழன்றுவிடும். பின்பக்கப் பைப்பில் அழுத்தத்தைக் குறைக்கும் புரொப்போர்ஷனிங் வால்வைப் பொருத்தி, முன்சக்கரம் முதலில் பூட்டும்வரை திருகிச் சரிசெய்யுங்கள். இதை முடிக்காமல் வேகமாக ஓட்ட வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவர், சிறிது தூரம் ஓடியதும் பின்சக்கரங்கள் கை வைக்க முடியாத அளவு சுடுவதாக எழுதினார். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், பைப்பில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தைத் தக்கவைக்கும் சிறு வால்வு ஒன்று இருக்கும். டிஸ்க்கில் அது பேட்டை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். அதை நீக்கியதும் அவர் வண்டி சரியாகிவிட்டது. மாஸ்டர் சிலிண்டர் தரைத்தகட்டின் அடியில், காலிப்பரைவிடத் தாழ்ந்து இருக்கும் வண்டிகளில் மட்டும், ஆயில் திரும்பி வடியாமலிருக்க 2 பவுண்டு வால்வு போட வேண்டும்.

வேதாரண்யம் பக்கத்து வாசகர் ஒருவர், உப்புக்காற்றில் காலிப்பரின் சறுக்கு பின்கள் ஆறே மாதத்தில் இறுகிவிட்டதாகத் தெரிவித்தார். பின்களில் சிலிக்கான் கிரீஸை மட்டும் தடவுங்கள், ரப்பர் உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். நெம்புகோல் உள்ள காலிப்பரைப் பிரிக்க நேர்ந்தால் பிஸ்டனை அழுத்தாமல் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.