மனையில் நேர் கிழக்கு பிடிப்பது எப்படி?

காட்பாடிப் பக்கம் கொத்து வேலை பார்க்கிறேன். மனையில் முளை அடிக்கும் நாளில் வீட்டுக்காரர் முதலில் எடுப்பது செல்போனைத்தான். “மேஸ்திரி, கிழக்கு இந்தப் பக்கம்” என்பார். பக்கத்தில் கம்பிக் கட்டு இறக்கியிருந்தால் போனில் தெரியும் திசையை நம்ப முடியாது. இன்னும் சிலர் விடியற்காலையில் வந்து, சூரியன் கிளம்பும் இடத்துக்கு நேராக நூல் கட்டச் சொல்வார்கள். அது இதைவிட மோசம்.

சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் மட்டும்தான். பூமி 23½ டிகிரி சாய்ந்தபடி சுற்றுவதால், வேலூரில் ஜூன் 21 அன்று கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். டிசம்பர் 21 அன்று அதே அளவு தெற்கே. மார்கழிச் சூரியனை வைத்து 40 அடிக்கு நூல் இழுத்தால் கடைசியில் கிட்டத்தட்ட 18 அடி விலகி நிற்பீர்கள். நம் ஊரில் மலை வேறு மறைக்கிறது. மலைக்கு மேல் தலை காட்டுவதற்குள் சூரியன் இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்ந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். மேகம் இல்லாத நாளாகப் பாருங்கள். தரையைச் சமன் செய்து ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். 3 அடி உயரம் வெளியே நிற்கும்படி ஒரு கழியை நட்டு, இரண்டு பக்கமும் தூக்குக் குண்டு விட்டுப் பாருங்கள். கழி சாய்ந்தால் எல்லாம் சாய்ந்தது.

காலை 10 மணிக்கு நிழலின் நுனியில் ஓர் ஆணி. கழியை நடுவாக வைத்து, அந்த ஆணி வரை நூல் பிடித்து ஒரு வட்டம் போடுங்கள். நிழல் குறுகி வட்டத்துக்குள் போய், மதியத்துக்குப் பிறகு மறுபடி நீளும். நுனி வட்டத்தை மறுபக்கம் தொடும் இடத்தில் இரண்டாவது ஆணி. பெரும்பாலும் இரண்டரை மணியை ஒட்டித் தொடும், 1.45-க்கே போய் உட்கார்ந்துவிடுங்கள், சாப்பாடு அப்புறம். முதல் ஆணி மேற்கு, இரண்டாவது கிழக்கு. இரண்டையும் சேர்க்கும் நூல்தான் கிழமேல் கோடு. அதற்கு 3, 4, 5 அடி கணக்கில் (ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4, குறுக்கே 5 அடி) மூலை பிடித்தால் வடக்கு தெற்கு வந்துவிடும்.

“12 மணி நிழலைப் பார்த்தால் போதாதா?” என்பார்கள். போதாது. கடிகாரம் காட்டுவது 82½ டிகிரி தீர்க்கரேகையின் நேரம்; வேலூர் அதற்கு மேற்கே இருக்கிறது. இங்கே உச்சிவேளை நவம்பர் தொடக்கத்தில் 11.57-க்கும், பிப்ரவரி நடுவில் 12.28-க்கும் வரும்.

உச்சி நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். டிசம்பர் 21 அன்று 3 அடிக் கழிக்கு 26½ அங்குல நிழல் வடக்கே கிடக்கும். ஏப்ரல் 24 வாக்கில் நிழலே இருக்காது. அப்புறம் ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி நிழல் மறையும் வரை தெற்கே விழும். ஜூன் 21 அன்று ஆறரை அங்குலத்துக்குச் சற்று மேல். அந்த மாதங்களில் வடக்கும் தெற்கும் மாறிப்போக வாய்ப்பு அதிகம்.

சந்தேகம் இருந்தால் இரவில் வடக்குக் கோட்டின் மேல் நின்று பாருங்கள். கையை நேரே நீட்டி முஷ்டி பிடித்தால், அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, 13 டிகிரி உயரத்தில், துருவ நட்சத்திரம் இருக்கும். புழுக்கமான மாதங்களில் மங்கலில் தெரியாது; தை, மாசியில் தேடுங்கள்.