கடைசி நேரத்தில் கேரட் விதைப்பவர்கள் செய்யும் தவறுகள்

விதை பாக்கெட்டின் பின்பக்கம் '70 நாள்' என்று போட்டிருந்தது. கடுங்குளிர் வர இன்னும் 75 நாள் இருக்கிறது, ஐந்து நாள் மிச்சம்தானே என்று விதைத்தேன். எழுபதாம் நாள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. தழை மட்டும் ஜோராக இருந்தது.

அந்த 70 நாள், பகல் நீண்டு மண் இதமாக இருக்கும் காலத்துக்குப் போட்ட கணக்கு. பருவக் கடைசியில் வாரத்துக்கு வாரம் பகல் குறுகிக்கொண்டே போகும். 10 மணி நேரத்துக்குக் கீழே போனதும் செடி சாகாது, ஆனால் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் விதைக்கும் நாளிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பகல் 10 மணி நேரமாகச் சுருங்கும் நாள், மண் இறுகும் அளவுக்குப் பனி உறையும் நாள், இரண்டில் எது முந்தியோ அதுதான் கெடு. அதிலிருந்து பாக்கெட் சொல்லும் நாட்களைக் கழியுங்கள். அப்புறம் இன்னும் இரண்டு வாரம் கழியுங்கள். வருவதுதான் விதைக்கக் கடைசி நாள். (நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பகல் அவ்வளவு குறுகாது. அங்கே கேரட் பருவத்தை முடித்துவைப்பது குளிரல்ல, வெயில். கணக்கே வேறு.)

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. பத்து நாள் தாமதமாக விதைத்தால் அறுவடையும் பத்து நாள்தான் தள்ளும் என்று தோன்றும். அப்படியல்ல, மண் குளிரக் குளிர முளைப்பே தாமதமாகும். மண் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் கேரட் ஒரு வாரத்தில் முளைக்கும். 10 டிகிரியில் இரண்டரை வாரம் ஆகும். 5 டிகிரிக்கு இறங்கிவிட்டால் ஏழு வாரம்! முளைப்பிலேயே இவ்வளவு நாள் போனால் கிழங்கு எப்போது பருக்கும்?

ரகத்தைப் பொறுத்தவரை ஆசைப்படக் கூடாது. ஒரு முழ நீளக் கேரட் இப்போது வேண்டாம். நான்டஸ் வகையில் சீக்கிரம் வருபவை, ஆம்ஸ்டர்டாம் வகை, உருண்டையாக வரும் சிறு ரகங்கள் என 50 முதல் 65 நாளுக்குள் தேறுபவையே போதும்.

நான் பார்த்தவரை அதிகம் பேர் தோற்பது முளைக்கும் கட்டத்தில்தான். கோடை இன்னும் முழுசாகப் போகாத நேரம், மேல்மண் மதியத்துக்குள் காய்ந்து ஏடு கட்டிவிடும். விதையோ மிகச் சிறியது. அரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும். ஒரு நாள் காய்ந்தாலும் முளைவிட்டது கருகிவிடும். காலையில் ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போவதில் பயனில்லை, விதைதான் ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போகும். விதைக்கும் முன்பே வரிசையை நன்றாக நனைத்து, விதைத்து மூடி, மேலே ஈரச் சாக்கையோ பலகையையோ போட்டுவிடுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் காலையில் தூக்கிப் பாருங்கள். வளைந்த வெள்ளை நூல்போல ஒன்றிரண்டு தெரிந்ததும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் விட்டால் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். முதலில் வரும் இரண்டு இலைகளும் பார்க்கப் புல் மாதிரியே இருக்கும். களை என்று நினைத்து ஒரு வரிசையையே பிடுங்கியவர்கள் உண்டு. பெயர் சொல்ல விரும்பவில்லை, நானும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான்.

போன பருவத்தில் மிஞ்சிய விதைதானே என்று டப்பாவைத் திறப்பதிலும் கவனம் வேண்டும். கேரட் விதையின் ஆயுள் மூன்று வருடம் போல. பழசானால் பாதி முளைக்கும், பாதி முளைக்காது. பருவத் தொடக்கமென்றால் மறுபடி விதைத்துக்கொள்ளலாம். இப்போது இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

நேரம் குறைவு என்ற பதற்றத்தில் இரண்டு குறுக்குவழி தோன்றும். ஒன்று, தட்டில் நாற்று விட்டு எடுத்து நடுவது. ஆணிவேர் மடங்கினாலோ நுனி அறுந்தாலோ கேரட் இரண்டு கால், மூன்று கால் விட்டுப் பிளந்துதான் வளரும். இன்னொன்று, வேகமாக வரட்டும் என்று பச்சைச் சாணியோ தழைச்சத்து உரமோ அள்ளிப் போடுவது. என் ஜோரான தழைக்கு அதுதான் காரணம். நன்றாக மக்கிய உரத்தை முந்தைய பயிருக்கே போட்டிருந்தால் அதுவே போதும்.

செடி கலைப்பதை, அதாவது நெருக்கமாக முளைத்ததில் மிகுதியை நீக்குவதை, தள்ளிப்போடாதீர்கள். 'வந்தவரை வரட்டும்' என்று நெருக்கமாக விட்டால் எல்லாமே நூலாக நிற்கும். விரல் உயரம் வந்ததும் செடிக்குச் செடி நாலைந்து சென்டிமீட்டர் இடம் விடுங்கள். கேரட் ஈ (இதன் புழு கிழங்கைக் குடையும்) இருக்கும் பகுதியென்றால் பிடுங்காமல் கத்தரியால் தரையோடு வெட்டுவது நல்லது. கசங்கிய தழையின் வாசனைதான் அந்த ஈயை இழுத்துவரும். நெருக்கமான கண்ணி வலையால் விதைத்த அன்றே மூடிவிட்டால் இன்னும் நிம்மதி.

கடைசியாக ஒன்று. முதல் பனியைப் பார்த்ததும் ஓடிப்போய் எல்லாவற்றையும் தோண்டுவது. லேசான உறைபனி கேரட்டை ஒன்றும் செய்யாது. குளிரில் கிழங்கிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால் ருசிதான் கூடும். ஓர் அடிக்கு வைக்கோலோ சருகோ மூடாக்குப் போட்டால் மண்ணிலேயே இருக்கும், வேண்டும்போது விலக்கிப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆனால் குளிர் போய்ப் புதுத் துளிர் எட்டிப்பார்க்கும் முன் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கேரட் ஈராண்டுப் பயிர். இரண்டாம் வருடம் பூத்தண்டு விடத் தொடங்கினால் சேர்த்துவைத்த சர்க்கரையெல்லாம் அதற்கே போய், கிழங்கின் நடு கட்டையாகிவிடும். கத்தி இறங்காது.